தொந்தி கரைய 7 நாளும் ஓடணுமா? லீவு விட்டால் எடை ஏறுமா? காலை நடை போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

காரைக்குடி என்றால் கோழிக் குழம்பு, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம். விருந்துக்குப் பேர்போன ஊர். தொந்திக்கும் குறைவில்லை!

தொந்தி விழுந்ததும் முதலில் வருவது பயம். அடுத்து வருவது வைராக்கியம். "சர்க்கரை எட்டிப் பார்க்குது" என்று டாக்டர் சொன்ன மறுநாளே புது ஷூ வாங்கிக்கொண்டு கல்லூரிச் சாலையில் இறங்கிவிடுகிறார்கள்.

முதல் வாரம் 7 நாளும் நடை. 2-வது வாரம் 7 நாளும் ஓட்டம். 3-வது வாரம் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்னண்ணே, இன்னைக்கு கிரவுண்டுக்கு வரலையா?"

"முட்டி வீங்கிப்போச்சுப்பா. நமக்கு இதெல்லாம் ஒத்துக்காது."

இந்தப் பேச்சு கேட்காத டீக்கடை உண்டா? அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது நடை அல்ல. ஓய்வே கொடுக்காமல் உடம்பைப் போட்டு அடித்ததுதான்.

வாரத்தில் எத்தனை நாள் உடம்பை வேலை வாங்கணும்? எத்தனை நாள் விட்டுப் பிடிக்கணும்? ஒரு நாள் லீவு போட்டால் கரைந்த தொந்தி திரும்ப வந்துவிடுமா? கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

4 கரண்டி எண்ணெய்தான்!

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறு என்று நடந்து 5 கிலோமீட்டர் போகிறார் என்று வையுங்கள். செலவாவது சுமார் 250 கலோரி.

ஒரு கிலோ கொழுப்பில் அடைந்து கிடப்பது சுமார் 7,700 கலோரி. அதாவது, சாப்பாட்டில் கை வைக்காமல் நடந்தே ஒரு கிலோ கரைக்க வேண்டும் என்றால் 30 மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்!

இப்போது லீவு கணக்குக்கு வருவோம். வாரம் 7 நாளும் நடப்பவருக்கு 1,750 கலோரி. 5 நாள் நடப்பவருக்கு 1,250 கலோரி. வித்தியாசம் 500 கலோரி.

500 கலோரி என்பது என்ன? 15 மில்லி எண்ணெயில் இருப்பது சுமார் 120 கலோரி. ஆக, 2 நாள் ஓய்வால் 'நஷ்டம்' ஆவது ஏறத்தாழ 60 மில்லி எண்ணெய். சின்னக் கரண்டியால் 4 கரண்டி. அதுவும் ஒரு வாரத்துக்கு!

தாளிக்கிற எண்ணெயில் நாள் ஒன்றுக்கு 9 மில்லி குறைத்தால் அந்த 2 நாள் லீவும் சரிக்கட்டிப் போகும். இதற்காகவா வீங்கின முட்டியோடு 6-வது நாளும் 7-வது நாளும் ஓடுவது?

லீவு நாளால் எடை ஏறுகிறது என்று புலம்புகிறவர்கள் இன்னொன்றையும் யோசித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த லீவு நாள் எது? ஞாயிற்றுக்கிழமை! காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு. மத்தியானம் வறுவல், பொரியல். சாயங்காலம் மசாலா பணியாரம். எடை ஏறினால் பழி மட்டும் ஓய்வு மேல் விழுகிறது.

ஓய்வு நாளைப் புதனோ வியாழனோ வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நன்றாக நடந்துவிட்டுச் சாப்பிட உட்காருவதே புத்திசாலித்தனம்.

உடம்பும் கல்லாப்பெட்டி வைத்திருக்கிறது

மேலே சொன்ன கணக்கு காகிதத்தில் போட்டது. உடம்பு அப்படியே ஒப்புக்கொள்ளாது. அதுவும் ஒரு கல்லாப்பெட்டி வைத்திருக்கிறது. ஒரு பக்கம் செலவு கூடினால் இன்னொரு பக்கம் இறுக்கிப் பிடிக்கும்.

ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் ஹட்சா என்று ஒரு வேட்டை இனத்தார் இருக்கிறார்கள். காட்டில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைப்பவர்கள். ஹெர்மன் பாண்ட்சர் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் இவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியை அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேல்நாட்டவரின் செலவும் இவர்களின் செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது!

காடெல்லாம் நடப்பவனுக்கும் ஆபீசில் பைல் புரட்டுபவனுக்கும் ஒரே செலவா? ஆச்சரியம்தான். ஆனால் அளந்து பார்த்ததில் அப்படித்தான் வந்தது.

இதைவிடப் பெரிய பாடம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே குண்டானவர்களை வைத்து ஒரு டெலிவிஷன் போட்டி நடத்தினார்கள். 'பிக்கஸ்ட் லூசர்' என்று பெயர். தினமும் மணிக்கணக்கில் கடும் பயிற்சி, அரை வயிறு சாப்பாடு. ஆள் ஆளுக்கு மூட்டை மூட்டையாக எடை இறங்கியது.

கெவின் ஹால் என்ற விஞ்ஞானி அந்தப் போட்டியாளர்களில் 14 பேரை 6 ஆண்டு கழித்துப் பிடித்துச் சோதித்தார். முடிவு 2016-ல் வெளிவந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இறங்கியிருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்ப ஏறிவிட்டது! அதோடு, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கிற கலோரி, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 குறைந்து கிடந்தது.

அப்படியானால் நடப்பதே வீணா? அந்த முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை குறைவது, ரத்தக்கொதிப்பு இறங்குவது, இறங்கின எடை மறுபடி ஏறாமல் நிற்பது, நல்ல தூக்கம் வருவது எல்லாம் நடையால் கிடைக்கிற லாபம். எடையை இறக்குகிற வேலையில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டுக்கு. இறங்கினதைக் காப்பாற்றுகிற வேலையில் பெரும்பங்கு காலுக்கு.

48 மணி நேர வேலை

ஓய்வு நாளில் உடம்பு சும்மா இருக்கிறது என்பது தப்புக் கணக்கு.

எடை தூக்கினாலும், தண்டால் எடுத்தாலும், மேட்டில் ஓடினாலும் தசை நாரில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. பயிற்சி முடிந்தபிறகு அடுத்த ஒன்றிரண்டு நாள் உடம்பு உள்ளுக்குள் கொத்தனார் வேலை பார்க்கிறது. கீறலை அடைத்து, முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கட்டுகிறது. தசை வளர்வது தூக்கும்போது அல்ல, தூக்கி வைத்துவிட்டுத் தூங்கும்போது!

பூச்சு காய்வதற்குள் மறுபடி சுத்தியலால் அடித்தால் சுவர் நிற்குமா?

அதனால்தான் ஒரே தசைக்குக் கடுமையான வேலை கொடுத்தால் 48 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். இன்று கைக்கு என்றால் நாளை காலுக்கு. இன்று ஓட்டம் என்றால் நாளை சாதா நடை. புதிதாக ஆரம்பித்தவருக்கு முதல் நாளைவிட 2-வது, 3-வது நாள்தான் வலி உச்சத்துக்குப் போகும். இது வழக்கம்தான். பயப்பட வேண்டியதில்லை.

சாதா நடைக்கு இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. பழகின கால் என்றால் தினமும் நடக்கலாம். ஓட்டத்துக்கும் எடை தூக்குவதற்கும்தான் இந்த இடைவெளி.

ஓய்வு என்றால் கட்டிலில் கிடப்பதும் இல்லை. கடைக்குச் சைக்கிளில் போகலாம். ஊரணியை ஒரு சுற்று சுற்றி வரலாம். கோவிலுக்குக் காலாற நடக்கலாம். மூச்சு வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுச் சங்கதியும் அல்ல. அமாவாசை அன்று ஏர் பூட்டாத வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. மாட்டுக்கே லீவு கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள்! மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்றுக்கொடுத்த அஷ்டாங்க யோகப் பள்ளியிலும் அமாவாசை, பவுர்ணமி தினங்களில் பயிற்சி கிடையாது. பாதி பலம் செலவாகும் வரைதான் உடற்பயிற்சி செய்யலாம், நெற்றியில் வியர்வை அரும்பினால் நிறுத்து என்பது ஆயுர்வேதத்தில் பழைய சட்டம்.

பழைய 'சாண்டோ'க்களுக்கும் இது தெரியும். (நாம் போடுகிற சாண்டோ பனியனுக்கும், சாண்டோ சின்னப்பா தேவரின் பட்டத்துக்கும் மூலபுருஷர் யூஜின் சாண்டோ என்ற ஜெர்மனி நாட்டு பயில்வான். 1905 வாக்கில் இந்தியாவுக்கே வந்து வித்தை காட்டிவிட்டுப் போனார்.)

எடை மெஷின் செய்யும் குறும்பு

ஒரு காலத்தில் ரெயில் நிலையத்தில் காசு போட்டால் சீட்டு துப்புகிற எடை மெஷின் இருந்தது. சீட்டின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். இன்று வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற மெஷினும் முதல் 2 வாரத்துக்கு ஜோசியம்தான் சொல்கிறது.

புதிதாகக் கடும் பயிற்சி தொடங்கினால் முதல் வாரத்தில் எடை ஏறலாம். பதற வேண்டாம். கீறல் விழுந்த தசையைச் சுற்றி நீர் கட்டுகிறது. தசையில் சேருகிற மாவுச்சத்தும் ஒரு கிராமுக்கு 3 கிராம் தண்ணீரைக் கூடவே இழுத்துக்கொள்கிறது. ஏறினது தண்ணீர், கொழுப்பு அல்ல.

இது தெரியாமல் "நேத்து லீவு போட்டேன், முக்கால் கிலோ ஏறிப்போச்சு" என்று மறுநாள் இரட்டிப்பாக ஓடுகிறவர்கள்தான் முதலில் முட்டியைப் பறிகொடுக்கிறார்கள்.

வாரம் ஒரு தரம், ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். அதோடு தையற்காரரின் இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பையும் அளந்து வைக்கலாம். நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் உஷாராக வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை.

உஷார்! இது விளையாட்டல்ல

2021-ம் ஆண்டு அக்டோபர் 29-ந்தேதி கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் மறைந்தார். வயது 46. அன்று காலை உடற்பயிற்சி செய்தவர், சிறிது நேரத்தில் நெஞ்சில் கோளாறு என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைக்கவில்லை. நாடே அதிர்ந்தது.

உடற்பயிற்சிதான் கொன்றது என்று யாரும் சொல்ல முடியாது. பல காலம் பயிற்சி செய்து பழகிய உடம்பு அது. ஆனால் அதன்பிறகு வந்த ஓர் அரசு ஆய்வை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரின் விவரத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எடுத்து, உயிரோடு இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2023-ல் முடிவு வெளியானது. திடீர் மரண ஆபத்தோடு சேர்ந்து நின்றவை எவை? குடும்பத்தில் அப்படி ஒரு மரணம் நடந்திருப்பது, கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மூச்சு முட்டக் குடித்தது, அதே 48 மணி நேரத்தில் மிகக் கடுமையாக உடம்பை வருத்தியது. தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது.

சனிக்கிழமை ராத்திரி 'பார்ட்டி', ஞாயிறு காலை அதற்குப் பரிகாரமாக 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்திருப்பவர்கள் இதை இன்னொரு தரம் படிப்பது நல்லது.

40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், ஓடத் தொடங்குமுன் டாக்டரைப் பார்ப்பது அவசியம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். சட்டைப் பையில் 2 மிட்டாய் இருக்கட்டும்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்தினால், இடது கை கடுத்தால், குளிர்ந்து வியர்த்தால் 'வாயுத் தொல்லை' என்று சோடா குடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். கடும் பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும் ஆஸ்பத்திரிதான். தசை சிதைந்து கிட்னியைத் தாக்குகிறது என்று அர்த்தம்.

ஓய்வு போதவில்லை என்பதற்குச் சின்னச் சின்ன அடையாளங்களும் உண்டு. காலையில் கண் விழித்ததும் நாடி பிடித்துப் பாருங்கள். வழக்கமாக 70 துடிக்கிறவருக்கு நாலைந்து நாளாக 80 துடிக்கிறதா? படுத்தால் தூக்கம் வரவில்லையா? வாடிக்கையாளரிடம் சள்ளென்று விழத் தோன்றுகிறதா? ஒரே எலும்பில் ஒரே இடத்தில் குத்துகிறதா? கேள்வியே வேண்டாம், நடையை நிறுத்த வேண்டியதுதான்.

4½ மணி வைராக்கியம்

கடைக்காரர்களுக்கு இருக்கிற பெரிய சிக்கல் தூக்கம். கடை சாத்தி, கணக்கு முடித்து, சாப்பிட்டுப் படுக்க 11½ மணி. நடைக்கு அலாரம் 4½ மணிக்கு. 5 மணி நேரத் தூக்கம்!

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010-ல் வெளிவந்த சோதனை ஒன்று இவர்களுக்காகவே செய்தது போல் இருக்கிறது. குண்டானவர்கள் 10 பேர். அதே குறைந்த சாப்பாடு. 2 வாரம் இரவில் படுக்கையில் 8½ மணி நேரம், இன்னொரு 2 வாரம் 5½ மணி நேரம். இரண்டு தடவையும் எடை ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ கொழுப்பு போனது. தூக்கம் கெட்டபோது போன கொழுப்பு 0.6 கிலோதான். மீதி எல்லாம் தசை உள்ளிட்ட சரக்கு.

அதாவது, வேண்டாத சரக்கை வைத்துக்கொண்டு வேண்டிய சரக்கை விற்றுவிடுகிறது உடம்பு!

இவர்கள் தினமும் 4½ மணிக்கு எழுவதைவிட வாரத்தில் 3 நாள் மட்டும் எழுந்து, மற்ற நாளில் தூங்குவது மேல். மிச்சத்தை மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் 10 நிமிஷம், 15 நிமிஷமாக நடந்து தீர்க்கலாம்.

வாரத்துக்கு எத்தனை நிமிஷம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஓர் அளவு சொல்லியிருக்கிறது. மிதமான பயிற்சி 150 முதல் 300 நிமிஷம். அதோடு தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி 2 நாள். 'தினமும்' என்று அது சட்டம் போடவில்லை.

பிரிட்டனில் 89 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நடமாட்டத்தைக் கையில் கருவி கட்டி அளந்து, 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். அந்த 150 நிமிஷத்தை வாரத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே முடித்தவர்களுக்கும், பல நாளாகப் பிரித்துச் செய்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஒரே மாதிரி குறைந்திருந்தது.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. தொடர்ந்து 2 நாளுக்கு மேல் லீவு கூடாது என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். பயிற்சியால் சர்க்கரை இறங்குகிற பலன் ஒன்றிரண்டு நாளில் தேய்ந்துவிடும் என்பதே காரணம். தமிழ்நாட்டில் 100 பேரில் 14 பேருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023-ல் ஆய்வு வந்திருக்கிறது. ஆகவே இந்த நிபந்தனை நிறையப் பேருக்குப் பொருந்தும்.

ஆச்சிமார்கள் நிலைமை

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் எடை கூடியவர்கள் ஆண்களில் 37 சதவீதம், பெண்களில் 40 சதவீதம்.

அந்தக் காலத்தில் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் இருந்து பின்கட்டுக்குப் போய் வருவதே ஒரு நடை. ஆட்டுக்கல், அம்மி, உலக்கை, ஊரணித் தண்ணீர் என்று கைக்கும் தோளுக்கும் வேலை இருந்தது. கிரைண்டரும் குழாயும் வந்தபிறகு அந்தத் தசைக்கு வேலை போயிற்று. யாரும் மறுபடி உரலைத் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் 2 நாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு 10, 15 தரம் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் பெண்களுக்கு ரொம்ப முக்கியம். 40-க்கு மேல் எலும்பு தேயாமல் இருக்க வெறும் நடை போதாது.

ஆண்களுக்காவது லீவு நாள் உண்டு. "எனக்கு எந்த நாள்ப்பா லீவு?" என்று ஆச்சி கேட்டால் வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை.

பழனி பாதை சொல்வது

8 கிலோமீட்டர் நடைபாதை 38 மாவட்டங்களிலும் வேண்டும் என்று 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் 8 கிலோமீட்டர் என்பது முதல் நாளே முடிக்க வேண்டிய தூரம் அல்ல. 'தினமும் 10 ஆயிரம் அடி' என்பதும் டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு அல்ல. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயர் அது!

செட்டிநாட்டுக்கு அதைவிடப் பழைய நடை இருக்கிறது. குன்றக்குடியில் இருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு போகும் நகரத்தார் பாதயாத்திரை. 400 ஆண்டு வழக்கம் என்று சொல்கிறார்கள். தூரம் சுமார் 150 கிலோமீட்டர்.

ஒரே மூச்சில் யாரும் போவதில்லை. வழி நெடுக இன்ன ஊரில் தங்கல், இன்ன இடத்தில் சாப்பாடு, இன்ன இடத்தில் பூஜை என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறினால் நிழல், காலைத் தூக்கி வைத்துக்கொள்ள நேரம், பிறகு மறுபடி நடை. பக்திக்காக வகுத்ததுதான். ஆனால் கடை கண்ணியில் உட்கார்ந்தே பழகியவர்கள் பழனி போய்ச் சேருவதற்கு அந்தத் தங்கல்களும் ஒரு காரணம்.

ஆண்டு முழுக்க கல்லாவில் உட்கார்ந்துவிட்டுத் தை மாதம் மட்டும் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்குத்தான் கொப்புளமும் முட்டிவலியும். பழனிக்குப் போக நினைப்பவர்கள் ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். முதல் 2 வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம். கார்த்திகையில் வாரம் 4 நாள். மார்கழியில் 5 நாள், அதில் ஒரு நாள் மட்டும் நெடுநடை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூரம் கூட வேண்டும். 3 வாரம் ஏற்றினால் 4-வது வாரம் பாதியாக இறக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தின 4 நாள் காலுக்குப் பூரண ஓய்வு. பழனியில் இருந்து திரும்பினபிறகும் ஒரு வாரம் சாதா நடைக்கு மேல் கூடாது. வழியில் அன்னதானப் பந்தியில் ஏறின எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.